காசு நிறவியல்

நிறம் மாறிய புதுக்காசு சேர்க்கத் தக்கதோ தகாததோ என்னும் வினாவுக்கு விடை சொல்லுமுன் காசு, புதுமை, நிறம் ஆகிய மூன்றையும் வரையறுப்பது நூல்மரபு. காசாவது, கொடுத்தால் கடைக்காரர் மறுக்காமல் வாங்கிக்கொள்வது. (பத்து ரூபாய் நாணயம் தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் இவ்விலக்கணத்துக்குப் புறனடையாக நின்றது. செல்லும், செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை உரை எழுதியும் கடைக்காரர் ஏற்றிலர்.) புதுமையாவது, நயா பைசா புழக்கத்துக்கு வந்த 1957 ஏப்ரல் 1 முதற்கொண்டது. நிறமாவது, அக்கசாலையை விட்டு வெளியேறும்போது இல்லாமல் பிற்பாடு காசின்மேல் ஏறியது. இதனை நாணய வணிகர் டோனிங் என்பர். வீட்டிலுள்ளோர் அழுக்கு என்பர். இவ்விரு கட்சியாரின் வழக்கே இச்சிற்றுரையின் பொருள்.

நிறம் எங்கிருந்து வருகிறது எனின், சாயத்திலிருந்து அன்று. காற்றிலும் அட்டைப்பெட்டியிலும் மலிவான காகித உறையிலும் ரப்பர் பேண்டிலும் கந்தகம் உண்டு. அது வெள்ளியோடு கூடி வெள்ளி சல்பைடு என்னும் படலமாகப் படிகிறது. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் நிறம் காட்டுகின்றன. மழைநாளில் சாலையில் சிந்திய டீசல் வானவில் காட்டுவதும் இப்படித்தான். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும், அம்மாற்றத்துக்கு வரிசையும் உண்டு. முதலில் இளமஞ்சள், பிறகு செம்மை கலந்த ஊதா, பிறகு நீலம். அதன்பின் மீண்டும் ஒரு மஞ்சளும் ரோஜா நிறமும் தோன்ற, பச்சை பிந்தி வரும். முடிவில் கறுப்பு. கறுப்புக்கு அப்பால் நிறமில்லை, வாங்குவாருமில்லை. இவ்வரிசையை நினைவில் வைக்க. போலியைப் பிடிக்க இதுவே கருவி.

இனி உலோக வகை. அலுமினியம் நிறம் கொள்ளாது. 1964-இல் வந்த அறுகோண மூன்று பைசா எத்தனை காலம் கிடந்தாலும் வெளுத்துச் சாம்பல் பூக்குமே தவிர வானவில் காட்டாது, அதை விடுக. 1957 முதல் வந்த வெண்கல நயா பைசா சிவப்பிலிருந்து பழுப்புக்குப் போகும், சிலபொழுது ஊதாவும் கொள்ளும். 1975 முதல் வந்த செம்பு-நிக்கல் ஒரு ரூபாய் மங்கிய பொன்னிறம் காட்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும் அடக்கமான நிறம் அது. எமக்கு அதன்மேல் தனிப் பற்றுண்டு.

உலோகங்களுள் வெள்ளியே தலை. 1969-இல் வந்த காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் 15 கிராம் எடை, நூற்றுக்கு 80 வெள்ளி. 1972-இன் சுதந்திர வெள்ளிவிழாப் பத்து ரூபாயில் எடை 22.5 கிராமாக ஏறிற்று, வெள்ளியோ நூற்றுக்கு 50 ஆக இறங்கிற்று. பின்வந்த நினைவு நாணயங்கள் பலவும் வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 என்னும் நாற்கலவை. இதில் செம்பும் நிறங்கொள்ளப் போட்டியிடுவதால் வெள்ளியின் நீலத்தோடு செம்பின் பழுப்பும் சேர்ந்து கலங்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாம் ஆண்டுக்காக 2010 என ஆண்டிட்டு வந்த ஆயிரம் ரூபாய் நாணயம் 35 கிராம், அதில் 80 பங்கு வெள்ளி, 20 பங்கு செம்பு. பெட்டியோடு பீரோவில் வைத்து மறந்தவர் சிலர் திறந்தபோது விளிம்பில் பொன்வளையம் கண்டிருப்பர். கண்டதும் புளியோ சபீனாவோ தேடியிருந்தால் நிறமும் போயிற்று, அடியிலிருந்த அச்சுப் பளபளப்பும் போயிற்று. வெண்கல விளக்கைத் தேய்த்துப் பழகிய கை காசையும் விளக்காகவே கருதும். நம் நாட்டில் இயற்கை நிறம் அரிதாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஃகு தனி இயலாக எழுதத் தக்கது. 1988 முதல் பைசாக்களும் 1992 முதல் ஒரு ரூபாயும் துருப்பிடிக்கா எஃகில் வந்தன; நூற்றுக்கு 83 இரும்பு, 17 குரோமியம். குரோமியம் தன்மேல் நிறமற்ற மெல்லிய படலம் போர்த்திக்கொள்வதால் எஃகுக் காசு பீரோவில் எத்தனை காலம் கிடந்தாலும் அப்படியே இருக்கும். ஆகவே நீலமும் ஊதாவும் மின்னும் எஃகு ஒரு ரூபாயை ஒருவர் அபூர்வம் என்று விலை சொன்னால் அவரைக் கேட்கவேண்டியது ஒன்றே: உங்கள் வீட்டில் கேஸ் அடுப்பா, இண்டக்‌ஷனா? சூடேற்றினால் அப்படலம் தடித்து, வைக்கோல் மஞ்சளில் தொடங்கி நீலம் வரை போகும். காபி கொதிக்கும் நேரத்தில் பிறந்த அபூர்வம் அது.

இதனால் தோற்ற வகை மூன்றாயிற்று: இயல்நிறம், செயல்நிறம், மயல்நிறம். செயல்நிறம் சைவம், அசைவம் என இரண்டு. அடுப்பிலும் தீக்குச்சி மருந்திலும் செய்வது சைவம். வேகவைத்த முட்டையைப் பிளந்து காசோடு மூடிய டப்பாவில் வைப்பது அசைவம். முட்டையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வருடக்கணக்கான வேலையைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும். இரண்டுக்கும் பொதுக்குறை அவசரம். இயல்நிறம் எழுத்துகளின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும், ஒரு நிறத்திலிருந்து அடுத்ததற்கு வரிசைப்படி நழுவும். செயல்நிறம் எழுத்தென்றும் வெளியென்றும் பாராமல் அப்பிக் கிடக்கும். மஞ்சளுக்குப் பக்கத்திலேயே பச்சை நிற்கும்.

மஞ்சள் துணியில் முடிந்து சுவாமி படத்தடியில் வைத்த நேர்ச்சைக் காசு எவ்வகை? கை செய்ததால் செயல் என்பர் ஒரு சாரார். நிறத்தை நோக்கிச் செய்யாததால் இயல் என்பர் மற்றொரு சாரார். நேர்ச்சையை நிறைவேற்றாமல் காசை விற்பவர் எவ்வகை என்பதில் இரு சாராரும் ஒத்த கருத்தினர்.

அரசே நிறமேற்றினால் என்செய்வது எனின், ஆஸ்திரிய அக்கசாலை 2003 முதல் வெள்ளி வளையத்துள் நியோபியம் வைத்த 25 யூரோ நாணயங்களை வெளியிடுகிறது. மின்சாரத்தால் ஆக்சைடு படலத்தைத் தடிக்கச் செய்து நீலம், பச்சை, ஊதா வரவழைக்கிறார்கள். அது பிறவி நிறமாதலின் இந்நூலுள் அடங்காது.

அமெரிக்க மார்கன் டாலரைக் காட்டி வாதிடுவோரும் உளர். 1878 முதல் அடித்த அக்காசுகள் பல பதிற்றாண்டுகள் கருவூலத்தில் துணிமூட்டைகளில் கிடந்தன. துணியைத் தொட்ட பக்கம் வானவில் ஆயிற்று. அங்கே நிறத்துக்கு விலை தருபவர் அந்த மூட்டை வாழ்க்கைக்கும் சேர்த்தே தருகிறார். கோடிக்கணக்கில் அடித்த நேற்றைய காசுக்கு அப்படியொரு வாழ்க்கை இல்லை. நிறத்தைக் கழித்தால் மிஞ்சுவது முகமதிப்பு. எனவே சில்லறையில் தானாக வந்தால் எடுத்து வைக்க. அழகுக்கு வரி இல்லை. வெள்ளி நினைவு நாணயத்தில் வரிசை தவறாத நிறமிருந்தால் சற்றுக் கூடுதலாகவும் தரலாம். எஃகுக்கு முகமதிப்புக்கு மேல் ஒரு பைசாவும் வேண்டா.

எஞ்சியது மயல்நிறம். இதில் தர நிர்ணய நிறுவனங்களே தயங்கிச் சந்தேக நிறம் என்று எழுதித் திருப்பும். அதற்குரிய விலை நிறமில்லாத அதே காசின் விலையே. விற்பவர் அதற்கு இணங்காவிடில் காசு அவரிடமே இருக்கட்டும். படலம் வளர்வதை நிறுத்துவதில்லை. அடுத்த முறை போகும்போது அது கறுப்புக்கு இன்னும் சற்று அருகில் இருக்கும், அவரும் பேரத்துக்கு.