மூங்கிலில் முதிர்ந்தது

இத்தாலியில் பரோலோ ஒயினை வருடக்கணக்கில் பீப்பாயில் பூட்டிவைத்துப் பெருமை பேசுகிறார்களே, நம் கொல்லிமலைக்கு அப்படி ஏதாவது உண்டா?
– ஒரு வாசகர், காரவள்ளி

பூட்டிவைத்தால் மட்டும் பெருமை வந்துவிடுமா? பரோலோவின் பெருமை விதியில் இருக்கிறது. பியட்மான்ட் வட்டாரத்தில் 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்த நெபியோலோ திராட்சை மட்டுமே அதற்கு ஆகும். குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரத்துக்குள். மண்ணும் காலமும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். அந்த இரண்டும் நம் குறிஞ்சி நிலத்திலும் சேர்ந்தவைதான். நீண்ட மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் தேறலை, அதாவது தெளிந்த கள்ளை, திருமுருகாற்றுப்படை சொல்கிறது. கொல்லிமலையில் தேனுக்கா பஞ்சம்?

'பாட்டெல்லாம் சாட்சியா?' என்பீர்கள். மலைபடுகடாமும் அதே மூங்கில் தேறலைச் சொல்கிறது. ஒரு புலவர் மிகைப்படுத்தலாம். இருவருமா ஒரே குழாயை ஊதுவார்கள்? 'பொருள் தடயம் எங்கே?' என்றால், மூங்கில் மக்கிவிடும், சுட்ட மண் மக்காது. அதனால்தான் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் அகப்பட்டன. இத்தாலியச் சாடிகளும் அவற்றில் உண்டு. யவனர் கொண்டுவந்த தேறலைப் புறநானூறும் பேசுகிறது. ஆக, அவர்கள் சரக்குக்குச் சாடி சாட்சி, நம் சரக்குக்குப் பாட்டு சாட்சி. குறை மலையிடம் இல்லை; எல்லை வகுத்து, மாதக்கணக்கு எழுதி, பெயரைக் காக்க ஆளில்லாமல் போனதுதான் குறை. இனி எழுதலாம் என்றால், முதலில் டாஸ்மாக்கைக் கேட்க வேண்டும்!