கேக் டீச்சர்

பாளையங்கோட்டையில் தெருவுக்கு நாலு டீச்சர் இருப்பார்கள். அதில் ரிட்டயர் ஆன ஒருவர் கட்டாயம் கேக் டீச்சர். முப்பது வருஷம் கணக்கு எடுத்திருப்பார். ஒரு பிள்ளைக்கும் அது நினைவிருக்காது. ஊர் அவரை நினைப்பதெல்லாம் டிசம்பரை வைத்துத்தான்.

அவருடைய டிசம்பர் ஆகஸ்டில் பிறக்கும். சுதந்திர தினக் கொடியை இறக்கிய கையோடு பீரோவிலிருந்து அம்மாவின் நோட்டை எடுப்பார். மைதா ராத்தலில் இருக்கும், வெண்ணெய் அவுன்ஸில் இருக்கும், ஜாதிக்காய் ‘தேவைக்கு’ இருக்கும், அடுப்புச் சூடு ‘மிதமான தணல்’ என்று இருக்கும். ஒரு ராத்தல் 454 கிராம் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்திருக்கிறார். ஆனாலும் வருஷா வருஷம் முதலிலிருந்து கணக்குப் போட்டால்தான் அவருக்குத் திருப்தி.

இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கை 1883-இல் தலச்சேரியில் மம்பள்ளி பாபு சுட்டார் என்று சொல்வார்கள் அல்லவா? டீச்சர் அதை ஒப்புக்கொள்வதில்லை. அதற்கு முன்பே பாளையங்கோட்டையில் சுட்டாகிவிட்டது என்பது அவர் கட்சி. ஆதாரம் கேட்டால் பாட்டி பெயரைச் சொல்வார். பாட்டி எப்போது பிறந்தார் என்று கேட்பவருக்கு அந்த வருஷம் கேக் கிடையாது.

அடுத்தது சாமான் பட்டியல். அதைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போகிறவர் டீச்சரின் கணவர். ஊரார் வாயில் ‘சார்’. கறுப்புத் திராட்சை, கிஸ்மிஸ், பேரீச்சை, இஞ்சி முரப்பா, டூட்டி ஃப்ரூட்டி, செர்ரி. டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காய், மலிவுச் செர்ரி என்பது சாயம் ஏற்றிய களாக்காய் என்பதெல்லாம் டீச்சருக்குத் தெரியாததில்லை. “பப்பாளியும் ஆண்டவர் படைச்சதுதானே” என்று முடித்துவிடுவார்.

பட்டியலின் கடைசி வரியில் மட்டும் பெயர் இருக்காது. ஒரு கோடுதான் இருக்கும். பழம் ஊறப்போட ரம். சார் சர்ச்சில் சேகரக் கமிட்டியில் இருப்பவர். டாஸ்மாக் வரிசையில் நிற்கும்போது யாரும் கேட்காமலே “கேக்குக்கு” என்று முன்னாலும் பின்னாலும் அறிவிப்பார். கடைக்காரப் பையன் பாட்டிலைக் கொடுத்துக்கொண்டே, “போன மாசமும் கேக்குக்குத்தானே சார் வாங்கிட்டுப் போனீங்க” என்பான். வீட்டில் ஜாடியில் ரம் மட்டம் இறங்கிக்கொண்டே வரும். “பழம் குடிச்சிருக்கும்” என்பார் சார். பழம் குடிக்கும்தான், ஆனால் இந்த வீட்டுப் பழம் சனிக்கிழமை ராத்திரியில்தான் அதிகம் குடிக்கும்.

சபை ஐயர் வீட்டுக்குப் போகிற கேக்குக்கு ரம்முக்குப் பதில் திராட்சைச் சாறு. ஒரு வருஷம் ஐயர் டப்பாவும் சம்பந்தி டப்பாவும் மாறிவிட்டன. டீச்சருக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. அடுத்த நவம்பரில் ஐயரம்மா சொல்லி அனுப்பினார்: “போன வருஷம் குடுத்த மாதிரியே இருந்தா போதும்.”

குளிர்காலத்தில் முட்டை விலை ஏறும். அட்டை அட்டையாக முன்கூட்டி வாங்கவும் முடியாது, கெட்டுப்போகும். எனவே நவம்பர் பிறந்ததும் டீச்சர் பேப்பரில் முதலில் பார்ப்பது நாமக்கல் முட்டை விலை. பங்குச் சந்தைக்காரர் சென்செக்ஸைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, “அஞ்சு பைசா ஏறிட்டு” என்று பெருமூச்சு விடுவார். கோழிப்பண்ணைக்காரர்கூட அவ்வளவு உன்னிப்பாகப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

சீனி கருக்குகிற நாள்தான் நாள். பிளம் கேக்கின் கறுப்பு அதில்தான் இருக்கிறது. அடிகனத்த சட்டியில் வெறும் சீனி, கீழே சின்னத் தீ. டீச்சர் கையில் ஒரு செம்பு வெந்நீர். அடுப்படியில் யாரும் பேசக் கூடாது. ஓரம் முதலில் இளகும், பிறகு தேன் நிறம், பிறகு கட்டன்சாயா நிறம், பிறகு நுரைத்துக்கொண்டு கறுப்பாகும். மெல்லிய நீலப் புகை எழும்பும். ஒரு நொடி முந்தினால் கேக் வெளிறும், ஒரு நொடி பிந்தினால் கசக்கும். பேரப்பிள்ளைகளைக் கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெந்நீரை ஊற்றுவார். ‘சொர்ர்’ என்று சட்டி பொங்கிச் சுவர்வரை தெறிக்கும். அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வரும்: “என்ன டீச்சர், ஏதோ தீயுது?”

“தீயலம்மா, கலர் எடுக்கேன்.”

கேக் சுடுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முன்பெல்லாம் தகர டின்னில் மாவை ஊற்றி, பெயர் எழுதிய சீட்டை ஒட்டி, பேக்கரி விறகடுப்புக்குக் கொண்டுபோய்க் காத்திருப்பார்கள். இப்போது வீட்டிலேயே ஓவன். ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்து, ஒட்டாமல் வந்தால் இறக்கிவிட வேண்டியதுதான். நடுவில் கரண்ட் போனால் சார் லைன்மேனுக்குப் போன் போடுவார். லைன்மேன் பெயரும் கேக் கணக்கில் உண்டு.

அந்தக் கணக்குதான் நோட்டின் கடைசிப் பக்கம். அவ்வளவு உழைப்பும் அதற்காகத்தான் என்பது என் அபிப்பிராயம். சம்பந்தி வீடு, முழு கேக். பாய் வீடு, ரம் இல்லாதது, பெரிய துண்டு. ரம்ஜான் பிரியாணியில் நாலு கறித்துண்டு இருந்திருக்கிறது. எதிர்வீட்டு மாமிக்கு முட்டையில்லாதது. தீபாவளி அதிரசம் கொஞ்சம் கட்டி என்பதால் நடுத்தரத் துண்டு. கேரல் பாட வரும் பையன்களுக்கு உதிர்ந்த ஓரம். பெயர்களுக்கு எதிரே டிக், பெருக்கல் குறி, சில இடத்தில் கேள்விக்குறி.

நவம்பரில் பழம் நறுக்க ஆள் கூப்பிடுவார். முதுகுவலி, மாமியார் வரவு, மகள் பரீட்சை என்று எதையும் சொல்லாமல் சொந்தக் கத்தியோடு போய்விடுங்கள். கேள்விக்குறி டிக் ஆவதும் பெருக்கல் ஆவதும் அன்றைக்குத்தான்.