பேசியவர் பட்டியல் வாழ்க!

பிள்ளைகளுக்கு அதிகாரம் கொடுப்பதில் நம் பள்ளிகளை மிஞ்ச ஆளில்லை. ஆசிரியர் அலுவலக அறைவரை போய்வரும் நேரத்துக்குள் ஒரு வகுப்பின் ஆட்சி முழுவதும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கைக்கு வந்துவிடுகிறது. கிளாஸ் லீடர்! பேசியவர் பெயரைக் கரும்பலகையில் எழுதலாம். மறுபடி பேசினால் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு 2 என்று எழுதலாம். இடைவேளை முறுக்கில் பாதி கிடைத்தால் அழித்தும் விடலாம். பிடிப்பது, விசாரிப்பது, மன்னிப்பது மூன்றும் ஒரே சாக்பீஸில். எந்த மந்திரிக்கு இது வாய்க்கும்?

லீடரைத் தேர்ந்தெடுப்பதிலும் குழப்பமில்லை. முதல் ரேங்க் வாங்குபவள், இல்லாவிட்டால் உயரமானவன். தேர்தல் என்று வைத்து, ஜெயித்த பிள்ளை கழிப்பறைக்குத் தண்ணீர் கேட்டுவிட்டால் யாருக்குச் சங்கடம்?

சட்டம் செய்தவர்களின் கரிசனமும் குறைந்ததல்ல. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கைப் பெற்றோருக்குத் தந்தது. ஆசிரியரையும் உள்ளாட்சிப் பிரதிநிதியையும் மறக்கவில்லை. அந்தக் கழிப்பறையை அன்றாடம் பயன்படுத்துகிறவர்களை மட்டும் குழுவைப் பற்றிய பிரிவில் சொல்லவில்லை. பாவம், படிக்கிற பிள்ளைகள். கூட்டம் கீட்டம் என்று அலைக்கழிப்பானேன்? மத்திய அரசின் மாதிரி விதியில், உள்ளூர்க் கல்வியாளருக்கோ பள்ளிப் பிள்ளைக்கோ தரலாம் என்று ஒரு மூலை ஒதுக்கினார்கள். கவலை வேண்டாம், கல்வியாளர் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிடுவார். தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்னும் ஐ.நா. உடன்படிக்கையை 1992-இலேயே நாம் ஏற்றுக்கொண்டுவிட்டதால், அதற்குமேல் எதுவும் செய்யத் தேவையும் இல்லை.

இங்கிலாந்தின் சம்மர்ஹில் பள்ளிக்குத்தான் இந்த நிர்வாகத் திறமை போதாது. 1921-இல் நீல் என்பவர் தொடங்கிய அந்தப் பள்ளிக் கூட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டு. 2000-இல் அரசோடு வழக்கு வந்தபோது, சமரசத்தை ஏற்கலாமா என்று பிள்ளைகள் லண்டன் நீதிமன்ற அறையிலேயே கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். பெயர் எழுதக்கூட ஆளில்லாமல்!

நம் பிள்ளைகளுக்குத்தான் நன்றியில்லை. முடியின் அளவைத் தீர்மானித்து, வாசலில் கத்தரியோடு காத்திருந்து, எல்லாவற்றையும் அவர்களுக்காக நாமே யோசித்த பிறகும் பெஞ்சைக் கீறுகிறார்கள், மின்விசிறியின் இறக்கையை வளைக்கிறார்கள். நம்ம பள்ளிக்கூடம் என்ற எண்ணமே இல்லை.

அதற்காகத் தலைமையாசிரியர் பெருமக்கள் மனம் தளர வேண்டாம். வளைந்த இறக்கைக்குப் பெற்றோரிடம் அபராதம் வாங்குங்கள். ஏன் வளைத்தாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பதில் சொல்லிவிடுவார்கள்.