ஸ்டேஷன் வாசலில் இங்கிலீஷ்

ஜப்பானில் ஸ்போக்கன் இங்கிலீஷ் டீச்சர்கள் பலருக்கு வாரத்துக்கு 29.5 மணி நேரம்தான் வேலை இருந்ததாமே, கொடுத்துவைத்தவர்கள்!

குறையும் அரை மணியில்தான் சூட்சுமம். 30 மணியைத் தொட்டால் முதலாளி காப்பீடு, பென்ஷன் கட்ட வேண்டிவரும் என்றுதான் பல பள்ளிகள் அப்படி ஒப்பந்தம் போட்டன. பாடங்களுக்கு நடுவே காத்திருக்கும் நேரம் கணக்கில் வரவில்லை.

பேசக் கற்றுத்தருவதுதானே வேலை?

பள்ளிக்கு அதை மொத்தமாக விற்பதும்தான்! ஸ்டேஷன் வாசல்களில் வகுப்பு நடத்திய நோவா என்ற இங்கிலீஷ் பள்ளியில் 600 பாடங்களுக்கு முன்பணம் கட்டியவர் பாதியில் விலகினார். திருப்பித் தரவேண்டிய பணத்தைப் பள்ளி குறைத்துக் கணக்கிட்டது. அந்தக் கணக்கு செல்லாது என்றது ஜப்பான் உச்ச நீதிமன்றம், 2007 ஏப்ரலில். அக்டோபரில் நோவாவே கடன் தாங்காமல் நீதிமன்றம் போனது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குச் சம்பளம் பாக்கி. தொழிற்சங்கம் செய்த ஏற்பாடு என்ன தெரியுமா? பாடம் எடுத்தால் சாப்பாடு. படித்தவர்கள் பசியோடு நின்றதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.