மேற்குச் சுவருக்கு ஒரு குடை

கே: பாலவாக்கத்தில் 1984-ல் கட்டிய வீடு. பகலில் எப்படியோ தாங்கிவிடுகிறது. இரவு பத்து மணிக்குப் படுக்கையறைக்குள் போனால் அடுப்பங்கரை மாதிரி கொதிக்கிறது. சூரியன் போன பிறகு எங்கிருந்து வருகிறது இந்தச் சூடு?

ப: மாலை நாலு மணிக்கு உங்கள் மேற்குச் சுவர் வாங்கிய வெயில்தான் அது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சூட்டை உடனே உள்ளே விடாது. ஆறேழு மணி நேரம் தன்னிடமே வைத்திருந்து, நீங்கள் பாயை விரிக்கும் நேரமாகப் பார்த்துக் கொடுக்கும். என் தங்கை வீட்டில் மேற்குச் சுவரை ஒட்டி இரும்பு பீரோ நிற்கிறது. மே மாத இரவில் அதைத் திறந்தால் புடவை மடிப்புக்குள் கை வைக்க முடியவில்லை, அப்போதுதான் இஸ்திரி போட்டு அடுக்கிய மாதிரி சூடு. அதே சுவரை ஒட்டித்தான் குழந்தையின் கட்டிலும் கிடந்தது. அன்றிரவே கட்டிலை நகர்த்தினோம். நீங்களும் இன்று பத்து மணிக்கு நாலு சுவரிலும் உள்ளங்கையை வையுங்கள், ஸ்டூல் போட்டு ஏறி மேல்தளத்தின் அடிப்பக்கத்தையும் தொட்டுப் பாருங்கள். எது அதிகம் சுடுகிறதோ, முதல் செலவு அதற்கு.

கே: நாலு சுவருக்கும் தெர்மோகோல் ஒட்டிவிடலாமா?

ப: நாலுக்கும் எதற்கு? ஏப்ரல் 24-ஐ ஒட்டிச் சென்னையில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடுகிறது; நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. அங்கிருந்து ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்பி வரும்வரை நண்பகலில் அது நமக்கு வடக்கே நிற்கிறது. அதனால் அக்னி நட்சத்திரத்தில் தெற்குச் சுவர் மேல் உச்சி வெயில் விழுவதில்லை. வெயிலை வாங்குவது முதலில் மொட்டை மாடி, அடுத்து மேற்கு, அடுத்து கிழக்கு. கிழக்குக்குப் பிற்பகலில் கடல் காற்று கை கொடுக்கிறது, மேற்குக்கு அதுவும் இல்லை. மாடியை விட்டுவிட்டுச் சுவருக்குச் செலவழிப்பது, தலை நனைய விட்டுத் தோளுக்குக் குடை பிடிப்பது.

கே: மாடிக்கு என்ன செய்ய?

ப: உங்கள் காலத்து வீடு என்றால், கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். மழைக்காக மட்டுமில்லை, வெயிலுக்காகவும் போட்ட போர்வை அது. பெயர்த்து எறியச் சொல்லும் ஆளை நம்பாதீர்கள். இடுக்குகளை அடைத்து, உடைந்த ஓடுகளை மாற்றி, மேலே வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள், அல்லது வெள்ளை டைல்ஸ் பதியுங்கள். மே மாதத்தில் கருத்துப்போன தளம் 60 டிகிரியைத் தொடும். பாசியும் புழுதியும் படிந்தால் வெள்ளையும் கறுப்புக்குச் சமம். பங்குனி பிறந்ததும் தேய்த்துக் கழுவுங்கள்.

கே: லண்டனில் மகள் வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டுப் பஞ்சு அடைத்தார்களாம். இங்கும் செய்வார்களா?

ப: அங்கே இரண்டு சுவர் எழுப்பி நடுவில் இடைவெளி விடுவார்கள், அதற்குள் அடைப்பார்கள். நம்முடையது கெட்டிச் சுவர். அடைக்க இடமே இல்லை.

கே: மேற்குச் சுவருக்கு மட்டும் தெர்மோகோல் போடுவதானால் உள்ளேயா, வெளியேயா?

ப: வெளியே. இரண்டு அங்குல தெர்மோகோல் சூட்டைத் தடுப்பதில் மூன்றடிக்கும் மேற்பட்ட செங்கல் சுவருக்குச் சமம். அதை வெளியே போர்த்தினால் சுவரே வெயிலைப் பார்க்காது, உள்ளே இருப்பவர்களுக்கும் குளுமையாக இருக்கும். இரவில் மட்டும் ஏசி போடும் அறைக்கு உள்பக்கம் ஒட்டினாலும் பலன் உண்டு, அறை சீக்கிரம் குளிரும். எங்கே ஒட்டினாலும் ஒன்றை மறக்காதீர்கள்: தெர்மோகோல் எரியும். 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் இறந்தார்கள். தீ பரவக் காரணம், வெளிச்சுவரில் புதிதாகப் போர்த்திய எரியும் பலகைகள். தீயைத் தாங்கும் ராக்வுல் கிடைக்கிறது, விலை கூடினாலும் அதைக் கேளுங்கள். தெர்மோகோல்தான் என்றால் தீ பரவாத ரகம் வாங்கி, வலை வைத்து முழுக்கச் சிமென்ட் பூசி மூடுங்கள்.

கே: கீழே மூன்றடி வரை ஓதம். உப்பு பூத்துப் பூச்சு பொரிகிறது. மேலேயே பலகை அடித்து மறைத்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி.

ப: கூடவே கூடாது, அம்மா. ஈரச் சுவர் காய்ந்த சுவரைவிட அதிகமாகச் சூட்டைக் கடத்தும். மறைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும், பலகை ஊறும், கரையான் குடியேறும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்பு சும்மா இருக்காது. குழாய் கசிவு இருக்கிறதா, சுவரோரம் மழைநீர் தேங்குகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஓதம் தெரியும் உயரத்துக்கு மேல் ஒரு அடி வரை பழைய சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கக் காய விட்டு, சுண்ணாம்புக் காரை பூசுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். அவசரப்பட்டால் இரண்டு வருடத்தில் மறுபடி எனக்கு எழுதுவீர்கள்.

கே: மேற்கே நின்ற வேப்பமரம் 2016 வர்தா புயலில் போனது. அதிலிருந்துதான் இந்தப் பாடு.

ப: உங்கள் கடிதத்திலேயே நல்ல மருந்து இருக்கிறது. புன்னை வையுங்கள். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தல மரம், உப்புக் காற்றுக்கும் மணலுக்கும் பழகியது. ஆனால் மெதுவாக வளரும். அதுவரை சுவரிலிருந்து அரை அடி தள்ளிச் சவுக்குக் கம்பு நட்டு, மூங்கில் தட்டி கட்டுங்கள், அல்லது கொடி படரவிடுங்கள். அந்த அரை அடி முக்கியம், சூடான காற்று மேலே ஏறிப் போக வழி வேண்டும். இரும்புக் கம்பி வேண்டாம், கடல் காற்று தின்றுவிடும்.

கே: வெட்டிவேர் தட்டி?

ப: காற்று வறண்டிருக்கும் முற்பகலில் சுகம். கடல் காற்று வந்த பிறகு வாசனை மட்டும் மிஞ்சும்.

கே: நாங்கள் பாலவாக்கம் குப்பத்தில் இருக்கிறோம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீடு. சுவரைப் பற்றியே எழுதுகிறீர்களே, எங்களுக்கு என்ன வழி?

ப: உங்கள் கடிதத்தைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் சுவர் பெரிய கேள்வியே இல்லை, எல்லாம் கூரைதான். ஷீட்டின் கனம் ஆறு மில்லிமீட்டர், பன்னிரண்டு மணி வெயில் பன்னிரண்டு மணிக்கே உள்ளே இறங்கிவிடும். வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரைகளுக்காகத் தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றையே கொண்டுவந்தது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பாலவாக்கம் 2011-லிருந்து சென்னை மாநகராட்சியில் இருக்கிறது. உங்கள் தெருவே சேர்ந்து கையெழுத்துப் போட்டு, கூரைக்கு வெள்ளை அடித்துத் தரச் சொல்லி வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். மேலே வெள்ளை பெயின்ட், கீழே ஷீட்டுக்கு ஓரடி தள்ளி மூங்கில் பாய், இரண்டு ஓரத்திலும் காற்றுப் போக இடம். ஷீட்டை உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், துளை போடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். தண்ணீர் ஊற்றி நனைத்து மெதுவாகத் துடைத்தால் போதும். ஷீட் மேல் நேராகக் கால் வைக்கவும் கூடாது, உடைந்து ஆள் கீழே விழுந்துவிடுவார். அடியில் சட்டம் ஓடும் வரிசை மேல் பலகை போட்டு ஏறுங்கள். காலை ஏழு மணிக்குள் இறங்கிவிடுங்கள்.