மஸ்டாங் வாங்கலாமா?

கேள்வி: புதுப்பித்த 1965 மஸ்டாங் கன்வெர்ட்டிபிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பளபளவென்று மின்னுகிறது. வாங்கலாமா?
– வாசகர், சுங்கை சோ

பதில்: ஆசை நியாயமானது. ஆனால் சாயத்தைப் பார்த்து மயங்காமல், காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். கூரை இல்லாத காருக்குத் தரைத்தகடுதான் முதுகெலும்பு. துரு முதலில் குடியேறுவதும் அங்கேதான். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் சல்லடை இருக்கும். அதில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, உள்ளே கம்பளத்தைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால் விலை பேசாமல் வீட்டுக்குக் கிளம்புங்கள்! ஜேக் வைத்துத் தூக்கியதும் கதவு சிக்கினால், காரின் உடம்பு தொய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து கிராண்ட், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழ். அதிலுள்ள சேஸி எண்ணும் காரிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

289 வி8 இன்ஜின் என்றால் 4.7 லிட்டர். உங்கள் ஊர்ப் பெரோடுவா 1994-இல் வெளியிட்ட கஞ்சிலின் இன்ஜின் 660 சிசி; ஏழு கஞ்சில் இன்ஜின் இந்த மஸ்டாங் இன்ஜினுக்குள் அடக்கம். ரோட் டேக்ஸ் சிசியைப் பார்த்துத்தான் ஏறும்.

எல்லாம் சரியாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். இடப்பக்க ஸ்டீயரிங் என்றால், டோலில் கார்டைத் தட்ட வலப்பக்கம் ஓர் ஆள் வேண்டும். வீட்டம்மாவை அழைத்துப் போங்கள், சந்தோஷப்படுவார்!