கடலில் எண்ணெய் கொட்டிவிட்டதா? கவலை வேண்டாம்!

உங்கள் கரையில் எண்ணெய் ஒதுங்கியிருக்கிறதா? பதறாதீர்கள். 2017 ஜனவரியில் ஒருமுறை, 2023 டிசம்பரில் ஒருமுறை என எண்ணூர் வட்டாரத்தில் செய்து பார்த்த வழிமுறை கைவசம் இருக்கிறது. வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில், ஒன்றும் கசியவில்லை என்று சொல்லுங்கள். 2017 ஜனவரி 28 விடியற்காலையில் இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கரையேறக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதுவரை இந்த வாக்கியம் தாங்கும். கரையேறிய பிறகு, “கொஞ்சம்தான்” என்று சேர்த்துக்கொள்ளலாம்.

2. வாளி வாங்குங்கள். கப்பல் எரிபொருள் அலையில் கடைபட்டால் தார்க்குழம்பாகிவிடும். கழிவுநீர் லாரியின் உறிஞ்சு குழாயே அதனிடம் திணறும். பாறைமேல் வரிசையாக ஆட்களை நிறுத்தி, வாளியைக் கைமாற்றச் சொல்லுங்கள். நூறு டன்னுக்கு மேல் அப்படித்தான் கரையேறியது. ஒரு வாளி எத்தனை கிலோ என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

3. உறிஞ்சும் பொருளை ஆராயுங்கள். வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் மருந்துக்கடைப் பஞ்சைப் போடுங்கள், நனைந்து மூழ்கும். அதன் மெழுகைச் சலவையிலேயே எடுத்துவிட்டார்கள். இன்னொரு டம்ளரில் பழைய தலையணையைப் பிரித்து ஒரு பிடி இலவம்பஞ்சு. விரலால் அமுக்கினாலும் நனையாமல் மேலே வரும். இப்போது அதே தண்ணீரில் நாலு சொட்டு நல்லெண்ணெய். பஞ்சு மஞ்சளாகும், தண்ணீர் தெளியும். ஒவ்வொரு இழையும் மேலே மெழுகு பூசிய, உள்ளே வெற்றான குழாய். தண்ணீரை அண்டவிடாது, எண்ணெயை இழுத்துக்கொள்ளும். கடைகளில் விற்கும் எண்ணெய் உறிஞ்சித் திண்டுகளிலும் இதே குணம்தான். அவை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், அதாவது அரிசிச் சாக்கு நெய்கிற அதே பிளாஸ்டிக்.

4. திண்டு வந்துசேரத் தாமதமானால், மீனவரைப் பயன்படுத்துங்கள். 2023இல் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் பரவியபோது, படகில் குனிந்து குவளையால் மொண்டவர்கள் அவர்கள்தான். சட்டை, தோல், மூச்சு மூன்றுமே நன்றாக உறிஞ்சும். சேமித்து வைக்கக் கிடங்கு வேண்டாம். காலாவதித் தேதியும் கிடையாது.

5. உறிஞ்சியதை எங்காவது ஒதுக்குப்புறமாகப் புதையுங்கள். பஞ்சு எண்ணெயைச் செரிப்பதில்லை, சுமக்க மட்டுமே செய்கிறது. அமுக்கினால் திருப்பிக் கொடுத்துவிடும். ஆபத்தான கழிவு என்று யாராவது முனகினால், முதல் படிக்குத் திரும்புங்கள்.

6. இழப்பீட்டுக்கு மனு வாங்கிக்கொள்ளுங்கள். வலை கறுத்தவர், படகு கறுத்தவர், “எண்ணூர் மீனா?” என்ற ஒரு கேள்வியில் வியாபாரம் போன அக்கா எல்லோரையும் வரிசையில் நிறுத்துங்கள். இலவு காத்த கிளி நமக்குப் புதிதல்ல.

ஒரு திருத்தம். அந்தக் கிளிக்குப் பழம் கிடைக்கவில்லை என்பது உண்மை; ஆனால் காய் வெடித்துப் பஞ்சாவது பறந்தது. அந்தப் பஞ்சையோ திண்டையோ மிதவைத் தடுப்பையோ, கப்பல் வருகிற இடத்தில் முன்கூட்டியே அடுக்கி வையுங்கள். எண்ணெய் பரவ ஆகும் நேரத்தைவிட, அதை இறக்கிப்போட ஆகும் நேரம் குறைவாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. குவளை வீட்டில் தண்ணீர் குடிக்க இருக்கட்டும்.